தவிட்டுக்கு வாங்கிய பெயர்

என் மகள் சின்னவளாக இருந்தபோது, மாம்பழத்தில் தம்பிக்குப் பெரிய துண்டும் தனக்குச் சின்ன துண்டும் வந்துவிட்டால் போதும், "என்னை மட்டும் என்ன தவிட்டுக்கா வாங்கினீங்க?" என்று சண்டைக்கு வருவாள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் கேட்கிற கேள்விதான். எனக்கு மட்டும் அது சுருக்கென்று தைக்கும். "உன்னை இல்லடி, என்னைத்தான் வாங்கினாங்க" என்பேன். நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுவாள்.

கேலியே இல்லை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம், பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு ராகிக்காட்டு ஊரில், தீட்டுக் கழிந்த அன்றைக்கே என்னை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். விற்றவள் என்னைப் பெற்ற அம்மா.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் தொட்டிலில் போடுவதற்கு முன்பே செத்துப்போயின. அடுத்ததும் போய்விடும் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. குழந்தையை நம்மைவிட இல்லாதப்பட்ட ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வாங்கினவள்தான் பெயர் வைக்க வேண்டும். அது அவள் பிள்ளை என்று ஆகிவிட்டால், பெற்றவளைத் தேடி வருகிற எமன் இந்த வீட்டில் குழந்தையே இல்லை என்று திரும்பிவிடுவான். ஒன்றே ஒன்று, பெற்றவள் தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால் குட்டு உடைந்துவிடும், பிள்ளை யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துபோகும். எழுதும்போது இது எனக்கே முட்டாள்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்துப் புதைத்தவள் முன்னால் நின்று அதை முட்டாள்தனம் என்று சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

என்னை வாங்கினவள் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே அவர்கள் குடிசை. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் பிள்ளை இல்லை. அவர்கள் அம்மாவை அவ்வா என்பார்கள். நானும் அவளை அவ்வா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த விற்பனையை என் அத்தை, அப்பாவின் அக்கா, எத்தனையோ முறை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். மாட்டுக்கொட்டகையில் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "எனக்கு வேணாம், எடுத்துகினு போ" என்றாளாம். அவ்வா தவிட்டைக் கீழே கொட்டிவிட்டு, அதே முறத்தில் என்னைக் கிடத்தி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் கொட்டகைக்கே வந்து, "அம்மாவ்ரே, என் கூசுக்குப் பாலு குடுக்க ஆளு வேணும். நீங்க குடுக்கறீங்களா?" என்று கேட்டாளாம். கூசு என்றால் அவர்கள் பேச்சில் கைக்குழந்தை. "குடுக்கறேன்" என்று சொல்லி, பிறத்தியார் பிள்ளையை வாங்குகிற மாதிரி அம்மா என்னைக் கையில் வாங்கினாள். அதற்கப்புறம் கணக்குப்படி அம்மா எனக்குப் பால் கொடுக்க வந்தவள், அவ்வளவுதான். என் விலையை எங்கள் எருமை அன்று சாயந்திரமே தின்று தீர்த்துவிட்டது.

அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பெயரில்தான் வம்பு வந்தது.

தவிட்டுக்கு வாங்கின பெண்ணுக்குத் தவிட்டம்மா என்று வைப்பார்கள். இல்லாவிட்டால் குப்பம்மா, பிச்சம்மா. எமனே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். அவ்வா என் காதில் சொன்ன பெயர் சோனை.

சோனை என்றால் மழை. இடித்துக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போகிற மழை இல்லை. எங்கள் பக்கம் ஆடி ஆவணியில் நாள் கணக்காக, சத்தமே இல்லாமல், விட்டேனா பார் என்று இறங்கிக்கொண்டே இருக்குமே, அது. தமிழிலும் சோனைதான், கன்னடத்திலும் சோனெதான். ராகிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் துணி காயாது, அடுப்பு எரியாது, மாட்டுக்குக் குளம்பில் புண் வரும். அதைப் போய் ஒரு பெண் குழந்தைக்குப் பெயராக யாரும் வைத்ததில்லை.

"சோனையாம் சோனை! பேரக் கேட்டாலே சளி புடிக்குது. அடுத்தது பொறந்தா கல்மழைன்னு வெச்சிடலாமா?" என்று அத்தை மோவாயில் கை வைத்தாள். பெரியப்பாதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தலை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அசிங்கமா ஒரு பேரு வெய்யின்னு உன்னக் கூப்பிட்டா, நீ கொஞ்சற பேர வெக்கிற. மழைய ஒரு ஆளுக்குப் பேரா வெப்பாங்களா?" என்று சத்தம் போட்டார்.

அவ்வா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பதிலை மட்டும் விடவில்லை. "குப்பம்மா, பிச்சம்மா எல்லாம் எமனுக்குப் பழக்கமான பேரு அய்யா. எங்க தெருவுலயே எத்தினி குப்பம்மாவத் தூக்கிகினு போயிருக்கான். ஏமாத்தறதுக்கோசரம் வெச்ச பேருன்னு இந்நேரம் அவனுக்குத் தெரியாதா? சோனைன்னு ஒருத்திய அவன் கூட்டிகினு போனதே இல்ல. அது ஆளு பேருன்னே அவனுக்குத் தோணாது."

திரும்ப விலை கொடுத்து மீட்கும் வரைக்கும் வாங்கினவள் வைத்த பெயரை யாரும் மாற்ற முடியாது என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். நான் சோனை ஆனேன். பிழைத்தும் கிடந்தேன்.

அம்மா என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பொண்ணு", "இந்தா", "இங்க பாரு", இவ்வளவுதான். வெளியே சோனை பிடித்தால்கூட "பொடி மழை" என்பாளே தவிர அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். வாய் பழகிவிடுமோ என்று பயம். எனக்குக் காய்ச்சல் வந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவாள். அவ்வா அதற்கு மேல் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாதே, அதனால். ஆள் விட்டு அவளை வரவழைத்து, "உன் புள்ளைக்கு ஒடம்பு சுடுது, கூப்பிட்டுப் பாரு" என்பாள். அவ்வா என் நெற்றியில் கை வைத்து, "சோனே, சோனே" என்பாள். நான் "ம்" என்பேன். அந்த ஒரு "ம்"முக்காக அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கே ஞாபகம் இருக்கிறது.

நல்ல நாட்களிலும் அவ்வா வருவாள். வேலை முடிந்து போகும்போது கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சோனே, பா!" என்பாள். பா என்றால் கன்னடத்தில் வா. நான் எங்கே இருந்தாலும் ஓடுவேன். மடியில் வேகவைத்த அவரைக்காய் இருக்கும், இல்லாவிட்டால் களி உருண்டையில் பிய்த்த ஒரு துண்டு. அவள் கையால் நான் தின்பது பெரியப்பாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபடும். அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள், பார்க்காத மாதிரி குனிந்து பாத்திரம் தேய்ப்பாள்.

அந்தப் பெயர் செல்லாமல் போனது பள்ளிக்கூடத்தில்தான்.

வாத்தியார் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். முதல் நாள், "உன் பேர் என்ன பாப்பா?" என்று கேட்டார். "சோனை" என்றேன். "உன் பேரக் கேட்டேன். வெளிய என்ன பெய்யுதுன்னு கேக்கல" என்றார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை, நல்ல மனுஷர்தான், வாயில் சனி. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் என்னை விடவே இல்லை. ஓட்டுக்கூரை ஒழுகினால் "ஏய், உன்னால பாரு" என்பார்கள். ஒருநாள் நான் உட்காருகிற இடத்தில் ஒரு பயல் தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு, "சோனை ஒண்ணுக்குப் போயிட்டா" என்று கத்தினான். என் சிலேட்டை எடுத்து அவன் மண்டையில் ஒரு போடு போட்டேன். சிலேட்டு உடைந்தது. மண்டையும் கொஞ்சம் உடைந்தது.

அன்றைக்கு நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அவ்வா அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த காட்டுக்குப் போய், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதேன். "எதுக்கு இந்தப் பேரு வெச்ச? உனக்கு வேற பேரே கெடைக்கலயா?" அவ்வா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்தப் பயலின் அப்பா வந்து பெரியப்பாவிடம் ஏதேதோ பேசிவிட்டுப் போனார். பெரியப்பா அன்றைக்கே முடிவு செய்தார். "போதும். மீட்டுடலாம். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் கிட்ட இன்னா பேருன்னு சொல்றது?" மீட்பதற்கும் முறை உண்டு. வாங்கின தவிட்டை இரண்டு மடங்காகத் திருப்பித் தந்து, ஒரு சேலையும் வைக்க வேண்டும். வாங்கினவள் "வித்துட்டேன்" என்று மூன்று தரம் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னபிறகு அவள் பிள்ளையை அந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது. வேறு யார் கூப்பிட்டாலும் பிள்ளை பதில் சொல்லக் கூடாது. பெற்றவள் வாயில் மட்டும் அது எந்தக் காலத்திலும் வரக் கூடாது.

அம்மா நடுங்கிப்போனாள். பெரியப்பாவிடம் பேசுகிற தைரியம் அவளுக்கு இல்லை. என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், வரப்பில் நின்று அவ்வாவிடம் கெஞ்சினாள். நிலத்துக்காரி கூலிக்காரியிடம் கெஞ்சுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

"நீ விக்காத. நீ வித்துட்டேன்னு சொல்லலேன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பேருலதான் இது உயிரோட கெடக்குது. எடுத்துட்டா போயிடும். நீ மாட்டேன்னு சொல்லிடு, உன் கால்ல வேணாலும் உழறேன்."

"அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்க அம்மாவ்ரே" என்று அவ்வா பின்னால் நகர்ந்தாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பேரு அது வேலைய செஞ்சிடுச்சு. சாவுகிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு நல்ல பேருதான். பசங்களோட இருக்கறதுக்கு ஆவாது. இது அழுதுகினு வந்துச்சு அம்மாவ்ரே. நான் வெச்ச பேருக்காக என் கூசு அழுவக் கூடாது."

விற்கிற அன்றைக்கு நானும் கொட்டகையில் இருந்தேன். அவ்வா மூன்று தரமும் தெளிவாகத்தான் சொன்னாள். "வித்துட்டேன். வித்துட்டேன். வித்துட்டேன்." சேலையை வாங்கிக்கொண்டாள். தவிட்டையும் மடியில் கட்டிக்கொண்டாள். வாங்காவிட்டால் விற்றது ஆகாது. மாடு இல்லாதவளுக்கு அவ்வளவு தவிடு எதற்கு என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பெயரை மாற்றச் சொன்னால் என்னையே விற்றுவிட்டுப் போகிறாளே.

எங்கள் குலதெய்வத்தின் பெயரை எனக்கு வைத்தார்கள். இன்றைக்கும் என் ரேஷன் கார்டில் இருப்பது அதுதான். நல்ல பெயர், யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது தடை இல்லை. விலை கொடுத்து வாங்கின பிள்ளை, பெற்ற பிள்ளை இல்லை என்று கணக்கு. அத்தனை வருஷமும் சேர்த்து வைத்ததை எல்லாம் அவள் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாள், தலை வாரக் கூப்பிட்டாள், ஒன்றுமே இல்லாமல் கூப்பிட்டுவிட்டு "சும்மாதான்" என்றாள். எனக்கு அது வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இரண்டு தரம், மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புவேன். அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கும்.

அவ்வாவின் பாடு அதைவிட மோசம். பழைய பெயரைச் சொல்லக் கூடாது. புதிய பெயரையும் சொல்லக் கூடாதாம். "கோயில் வாசலுக்கு வரக்கூடாதவ வாயில நம்ம சாமி பேரு வரலாமா?" என்று அத்தை சொன்னாள், அவ்வா காதில் விழும்படியே சொன்னாள். அத்தையின் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அவள் செத்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. என்னைக் கூப்பிட அவ்வாவிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. வழக்கம்போல வேலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். லேசாகத் தொண்டையைச் செருமுவாள். எனக்குக் கேட்டால் ஓடுவேன். கேட்காவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள். எத்தனை நாள் அப்படி வந்து நின்றாளோ, நான் எத்தனை நாள் பார்த்தேனோ, யாருக்குத் தெரியும்.

பெங்களூரில் அப்போது பெரிய பெரிய ஃபேக்டரிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் சுமக்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவ்வாவின் வீட்டுக்காரரும் போவதென்று தீர்மானித்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அறுப்பு முடிந்திருந்த ஒரு காலை. கொல்லையில் நான் கொள்ளுச் செடியைப் பரப்பிப்போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவ்வா வந்து நின்றிருக்கிறாள், தலையில் மூட்டை, கையில் சட்டி. அவள் வீட்டுக்காரர் பாதையில் தள்ளி நின்றிருக்கிறார். அவள் செருமியிருக்கிறாள். நான் அடித்த அடியில் எனக்குக் கேட்கவில்லை. இதெல்லாம் சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா பார்த்து, பிற்பாடு எனக்குச் சொன்னது.

அம்மா என் புதிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். ஏதோ வேலை சொல்லத்தான் என்று நினைத்துத் திரும்பவில்லை. பாதையில் நின்றவர் "பஸ்ஸு போயிடும், வா" என்று அவ்வாவை அவசரப்படுத்தினார். அவ்வா மூட்டையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள். அப்போது அம்மா என்ன நினைத்தாளோ, எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, "சோனே!" என்று கத்திவிட்டாள்.

தடியைப் போட்டுவிட்டுத் துள்ளித் திரும்பினேன். என்னைப் பெற்றவள் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். "உங்க அவ்வா போறாடி, பாரு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வேலியை நோக்கி ஓடினேன். அவ்வா என்னைப் பார்த்தாள். கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். "வராத!" என்று அதட்டினாள். என்னை அவள் அதட்டியதே இல்லை. அம்மாவைப் பார்த்து, "புடிச்சுக்குங்க அம்மாவ்ரே, உடாதீங்க" என்றாள். அம்மா ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதையில் இறங்கினாள். சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெறும் கையை ஒரு குழந்தைக்கு விரல் கொடுக்கிற உயரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"சோனே, பா மகளே! அங்க இன்னா வேடிக்க? அவ்வாகூட பா!"

அவள் பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அவள் கேவிக்கேவி அழ ஆரம்பித்தாள். பெற்றவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததை எமன் கேட்டிருந்தால், அவன் இந்தக் கொல்லையில் நின்று என்னைத் தேடக் கூடாது. சோனை என்பவள் இதோ என்கூடத்தான் வருகிறாள், அவளைக் கேட்டுக்கொண்டு வருவதானால் என் பின்னால் வா என்று அவ்வா அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பா சோனே, கல்லு இருக்குது, பாத்து வா. பா மகளே." திரும்பிப் பார்க்காமல், பேசிக்கொண்டே போனாள். நான் திமிறினேன். என்னைத்தானே கூப்பிடுகிறாள். இதோ வரேன் அவ்வா என்று கத்த வாயைத் திறந்தேன். நான் பதில் சொல்லிவிடக் கூடாது என்று அம்மா என் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

ஏரிக்கரை ஏறி, அவள் தலைமூட்டை மறைகிற வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. மறைந்த பிறகும் கேட்டது. அதுவும் நின்றுபோன பிறகு வெகுநேரம் அம்மா கையை எடுக்கவில்லை.